ரீஃபண்ட் டீச்சர்

கைக்கு வந்த காசைத் திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டரில் தொத்தி, லாரி கிளீனராகி, டிரைவராகி, கடைசியில் டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஆனவன் நான். கடலூர் செம்மண்டலத்தில் மெயின் ரோட்டைப் பார்த்து நிற்கிற மாடிக் கட்டடம் என்னுடையது. அதில் ஒரு செங்கல்கூட அப்பன் பாட்டன் சம்பாத்தியம் கிடையாது. அந்த ஆபீசில் என் நாற்காலிக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் ஒரு போர்டு தொங்கும்: 'கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது.' எழுதியவன் பெயிண்டர். வாசகம் என்னுடையது.

அந்தப் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு, கட்டிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்ட ஒரே ஆள் அந்த டீச்சர்தான்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். வகுப்பு முடிந்த அன்றைக்கு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"முன்னாடி போறதுக்கு நல்லா கத்துக்குடுத்துட்டீங்க ஓனரே. ரிவர்ஸ் வரல. கார்னா ரெண்டும்தான? பாதி காசு குடுத்துடுங்க."

"போர்டப் பாருங்க டீச்சர்."

"பாத்தேன். அது எழுதறப்போ ரிவர்ஸ் வராதவங்களையும் நெனச்சிதான் எழுதினீங்களா?"

"ரிவர்ஸ் உங்க கழுத்துல இருக்குது. நீங்க திரும்பிப் பாக்க மாட்டேங்கறீங்க. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"எங்கிட்ட படிக்கிற புள்ளைக்குப் புரியலன்னா நான் இப்பிடி பேச மாட்டேன். காசைத் திருப்பிடுவேன்."

நான் சிரித்தேன். பிழைக்கத் தெரியாத அம்மா என்று நினைத்தேன். பணத்தைத் தரவில்லை. ஆனால் என் வித்தையைப் பற்றி ஒரு பொம்பளை இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் எனக்குத் தூக்கம் வருமா? மறுநாள் நானே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் அழைத்துப்போனேன். பின்பக்கமாகவே ஓட்ட வைத்தேன். ஒரு பானிபூரி வண்டிக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆனாலும் ரிவர்ஸ் வந்துவிட்டது. என்னிடம் கற்றால் வராமல் போகாது.

அன்று சாயங்காலம் டீச்சர் மறுபடியும் ஆபீசுக்கு வந்தார். மேஜைமேல் ரூபாய் நோட்டுகளை வைத்தார். "இது ரிவர்ஸுக்கு. நீங்க தனியா வந்து சொல்லிக்குடுத்தீங்க இல்ல?"

வாங்கி வைத்துக்கொண்டேன். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லியும் எனக்குப் பழக்கமில்லை.

டீச்சர் எப்படி இருப்பார் என்று கேட்டால், உயரத்தில் என்னைவிட ஒரு பிடி கூடுதல். இதை நான் அப்போது ஒத்துக்கொண்டதில்லை. பருத்திப் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போடுவார். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதைத் தேடிக்கொண்டே இன்னொரு பேனா வாங்குவார், அதுவும் கொண்டைக்குப் போகும். குரல் இருக்கிறதே, மாடியில் அவர் பற்று வரவு சொன்னால் கீழே என் ஆபீசில் லைசென்சுக்கு வந்தவர்கள் தலையாட்டுவார்கள். என் மாடி ஹாலைத்தான் டியூஷனுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். பிளஸ் ஒன், பிளஸ் டூ, பி.காம் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல். அந்தப் பக்கத்தில் அந்தப் பாடத்துக்கு அவரைவிட்டால் ஆள் கிடையாது. வாடகை சொன்ன தேதிக்கு வந்துவிடும். அதனால் நல்ல மனுஷி.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மாடிப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். வெளியே போகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்விதான். "இந்த மாசம் புரிஞ்சிதா?" புரிந்தது என்றால் போகலாம். புரியவில்லை என்றால் அந்த மாதத்துப் பீஸ் அங்கேயே கைக்குத் திரும்பிவிடும். திட்டு கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. மளிகைக் கடையில் பூச்சி பிடித்த பருப்பை மாற்றிக் கொடுக்கிற மாதிரி கொடுப்பார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு அதே பாடம் தனியாக, சும்மா.

பிள்ளைகள் 'ரீஃபண்ட் டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். அவருக்கும் தெரியும். யாராவது போனில் வழி கேட்டால், "செம்மண்டலம் வந்து ரீஃபண்ட் டீச்சர் வூடுன்னு கேளுங்க, சொல்லிடுவாங்க" என்று அவரே சொல்வார். அது என் கட்டடம். எல்லாரும் டிரைவிங் ஸ்கூல் பில்டிங் என்று சொல்லிக்கொண்டிருந்த கட்டடம்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரு பையன் நன்றாகப் படிக்கிறவன். பரோட்டா சாப்பிட ஆசை வந்ததும் மாதக் கடைசியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இருப்புநிலைக் குறிப்பு புரியல டீச்சர்" என்றான். டீச்சர் காசைக் கொடுத்தார். திங்கட்கிழமை அவனை முன்வரிசையில் உட்கார வைத்து இருப்புநிலைக் குறிப்பை முதலிலிருந்து ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமையும் அதுவே. "பாவம், புரியாம எவ்ளோ கஷ்டப்பட்டிருப்ப" என்று தலையைத் தடவிக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். வாரக் கடைசியில் அவன் கண்ணெல்லாம் சிவந்து, அம்மாவிடம் அழுது வாங்கிவந்த காசை நீட்டினான். "டீச்சர், நல்லா புரிஞ்சிடுச்சு டீச்சர். இத வாங்கிக்குங்க. நான் வேற பாடத்துக்குப் போறேன்." அவன் உண்மையாகவே புரியாமல் தவித்ததாகத்தான் டீச்சர் கடைசிவரை நம்பினார் என்று நினைத்தேன். ஒருநாள் பரோட்டா கடையைத் தாண்டிப் போகும்போது அவராகவே சிரித்ததைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

டியூஷனில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். ஒருமுறை என் சிதம்பரம் கிளையைப் பார்க்கப் போனபோது அவரும் கூட வந்தார். அவருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கத்துக் குமராட்சி. கோயில் பக்கத்தில் ஓர் ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கத்தரிக்காய் வேகவில்லை. டீச்சர் பரிமாறியவரைக் கூப்பிட்டு, "இதுக்குக் காசு தர மாட்டேன்" என்றார். கல்லாவிலிருந்து முதலாளியே எழுந்துவந்து வேறு கொத்சு கொண்டுவரச் சொன்னார். அது நன்றாக இருந்தது. பில் கொடுக்கும்போது டீச்சர் இரண்டு மடங்கு வைத்தார்.

"ஒண்ணுக்குதாங்க பில்லு" என்றார் முதலாளி.

"ரெண்டாவது ரொம்ப ஜாஸ்தி நல்லா இருந்துச்சு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வெளியே கோபுரத்தைப் பார்த்தேன்.

இந்த வியாதியைக் குணப்படுத்துவது என்று நான் தீர்மானித்தேன். அதற்கு மருந்து என்னிடம் இருந்தது. கார்டு மெஷின்.

எங்கள் பக்கத்து டிரைவிங் ஸ்கூல்களில் முதன்முதலில் கார்டு மெஷின் வைத்தவன் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சின்னத் தொகை என்றால் செல்போனில் ஸ்கேன் பண்ணி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் மொத்தப் பீஸையும் ஒரே தடவையாகக் கட்டுகிறவர்கள் கிரெடிட் கார்டைத்தான் எடுக்கிறார்கள். பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளலாமே. மெஷினில் கார்டைச் செருகினால் பணம் நம் கைக்கே வராது. நேராக மறுநாள் பேங்கில் போய் உட்கார்ந்துவிடும். கைக்கு வராத காசை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இதுதான் என் யோசனை. டீச்சரிடம் காரணத்தைச் சொல்லாமல், "ஒரு வருஷப் பீஸையும் மொத்தமா கட்டிடுவாங்க டீச்சர், மாசாமாசம் வசூல் பண்ற தொல்ல இல்ல" என்று மட்டும் சொன்னேன். கம்பெனிக்காரரை நானே வரவழைத்தேன். அறிமுகக் கையெழுத்தும் நானே போட்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாடியிலிருந்து ஷூ சத்தம் தடதடவென்று இறங்கியது. டீச்சர் மெஷினைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஓனரே! இதுல திருப்பித் தர்றதுக்குன்னே தனியா ஒரு பட்டன் வெச்சிருக்கான் ஓனரே!"

"இன்னாது?"

"ரீஃபண்டுன்னு போட்டிருக்கான் பாருங்க. இத அமுக்கி, எவ்ளோன்னு அடிச்சா, அவுங்க கார்டுக்கே போயிடுதாம். சில்லற தேட வேணாம். யாரோ என்ன மாதிரி ஆளுதான் இத கண்டுபுடிச்சிருக்கணும்."

என் மெஷினை எடுத்துப் பார்த்தேன். என்னுடையதிலும் அந்தப் பட்டன் இருந்தது. அத்தனை நாளாக அது அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க அவசியமும் இல்லை.

இதற்குப் பிறகுதான் நெல்லிக்குப்பத்துக்காரர் வருகிறார். கரும்பு விவசாயி. நான் கரும்பு டிராக்டரில் தொத்தின காலத்தில் அவருடைய அப்பாவிடம்தான் வேலை செய்தேன். அந்தப் பழக்கத்தில் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். நான் சொல்லித்தான் மகளை டீச்சரிடம் பிளஸ் டூ கணக்குப்பதிவியலுக்குச் சேர்த்தார். பேங்கு மேனேஜர் கட்டாயப்படுத்திக் கொடுத்த கிரெடிட் கார்டு ஒன்று அவரிடம் உண்டு. பர்சில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அதை முதன்முதலில் வெளியே எடுத்ததே டீச்சர் பீஸுக்குத்தான்.

அந்தப் பெண்ணுக்கு எல்லாப் பாடமும் புரிந்தது, ஒன்றைத் தவிர. நற்பெயர் என்று ஒரு பாடமாம். ஒரு கடைக்கு ஊரில் இருக்கிற நல்ல பேருக்கு இன்ன விலை என்று கணக்குப் போட வேண்டும். மாதக் கடைசியில் அந்தப் பெண் சொன்னாள்: "கடைக்கு வெல இருக்குது, சரக்குக்கு வெல இருக்குது. பேருக்கு எப்பிடி டீச்சர் வெல? புரியல." டீச்சர் பட்டனை அமுக்கினார். அந்த மாதப் பங்கு அப்பா கார்டுக்குத் திரும்பியது.

செல்போனில் மெசேஜ் வந்ததும் மனுஷன் கரும்புத் தோட்டத்திலிருந்து அப்படியே புறப்பட்டு வந்தார். காலில் சேறுகூடக் காயவில்லை.

"டீச்சரம்மா, எங்கிட்ட காசு இல்லன்னு நெனச்சீங்களா?"

"அய்யோ, அதில்லிங்க. பாப்பாவுக்குப் புரியல."

"புரியறப்போ புரியுது. நான் ஒருவாட்டி குடுத்தா குடுத்ததுதான். நாளைக்கு ஊர்ல இன்னா பேசுவான்? இவன் பொண்ணு மக்கு, டீச்சரே காசைத் திருப்பிட்டாங்கம்பான்." கார்டை எடுத்து மறுபடியும் கட்டிவிட்டுப் போனார்.

டீச்சர் பாடத்தை மறுபடி நடத்தினார். மறுபடி கேட்டார். புரியவில்லை. திருப்பினார். மறுநாளே அவர் வந்து கட்டினார். இவர் திருப்பினார். ஒருத்தர் ரோஷத்துக்கு ஒருத்தர் குறைந்தவர் இல்லை. கீழே உட்கார்ந்து நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மட்டும் பார்க்கவில்லை. எங்கேயோ சென்னையில் மெஷின் கம்பெனியின் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாள் காலையில் டீச்சரின் பணம் பேங்குக்கு வரவில்லை. விசாரணை முடியும்வரை பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று மெசேஜ் வந்தது.

வேறு நேரமாக இருந்தால் டீச்சர் சிரித்துவிட்டிருப்பார். அந்த வாரம் அப்படி இல்லை. சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு ஹால் பார்த்து வைத்திருந்தார். குமராட்சிப் பக்கத்துப் பிள்ளைகள் கடலூர் வரைக்கும் டியூஷனுக்கு வர முடியாது. மினி பஸ் பிடித்தால் சிதம்பரம் வந்துவிடலாம். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் அவர்களுக்குப் பள்ளிக்கூடமே வாரக்கணக்கில் போய்விடும். அந்தப் பிள்ளைகளுக்கென்று அந்த ஹால். புது வருஷத்துக்கு எல்லாரும் கார்டில் கட்டின பீஸ்தான் அதற்கு அட்வான்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் செல்போன் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஹால்காரர் சொல்லிவிட்டார்.

"நான் தர்றேன் டீச்சர்" என்று சொன்னேன். சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.

"வேணாம் ஓனரே. என் காசு எங்கியும் போயிடல. பேங்குக்கு வெளிய நிக்குது. அத உள்ள கூப்பிடணும், அவ்ளோதான்." சொல்லிவிட்டார், ஆனால் அன்று மாடியில் குரல் கேட்கவில்லை. என் கட்டடமே சும்மா கிடக்கிற மாதிரி இருந்தது.

புதன்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து கம்பெனி ஆபீசர் வந்தார். சின்ன வயது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை. மாடி ஏறியதும் தண்ணீர் கேட்டார். அதனால் நல்ல மனுஷன் என்று முடிவு செய்தேன்.

"மேடம், ஒரே கார்டு. பணம் வருது, போகுது, திரும்ப வருது, திரும்பப் போகுது. கார்டுல பணம் எடுத்து வட்டிக்கு விடறவங்கதான் இப்பிடி பண்ணுவாங்க."

"வட்டியா? நானா?" டீச்சருக்கு இரண்டு நாளில் முதல் சிரிப்பு வந்தது. "வட்டிய பாடமா நடத்துவேன் சார். வாங்கினதில்ல."

ஆபீசருக்கும் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? யோசித்து ஒரு வழி சொன்னார். பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று சுவரில் ஒரு போர்டு மாட்ட வேண்டும். இனிமேல் அந்தப் பட்டனைத் தொட மாட்டேன் என்று ஒரு கையெழுத்து. போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நாளைக்கே பணம் வந்துவிடும். இல்லாவிட்டால் ஃபைல் சென்னைக்குப் போகும், திரும்பி வர வாரங்கள் ஆகும்.

இது ஒரு விஷயமா? நான் கீழே ஓடி, ஸ்டூல் போட்டு ஏறி, என் போர்டையே கழற்றிக்கொண்டு மேலே வந்தேன். "புடிங்க சார் போட்டோவ. எடுத்ததும் நான் கொண்டுபோய் என் இடத்துல மாட்டிக்கறேன்."

டீச்சர் போர்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். ஆபீசரைப் பார்த்தார்.

"வேணாம் சார்."

"மேடம், ஒரு போட்டோவுக்குதான..."

"சார், வூட்ல அப்பா அம்மா இன்னா சொல்லி அனுப்புவாங்க தெரியுமா? 'காசு கட்டியாச்சு, ஒழுங்கா படி'ன்னுதான் அனுப்புவாங்க. காசு கட்டின பாவத்துக்கு எந்தப் புள்ளையும் புரியலன்னு வாயத் தொறக்காது. தலையாட்டிட்டுப் போயிடும். நானும் அப்பிடித்தான் காலேஜ் முழுக்கத் தலையாட்டிட்டு வந்தேன். எங்கிட்ட காசு திரும்பும்னு தெரிஞ்சாதான் அது தைரியமா சொல்லுது. இந்தப் போர்ட மாட்டிட்டு அதுக்குக் கீழ நான் இன்னா கேக்கறது? புரிஞ்சிதான்னு கேட்டா எல்லாம் புரிஞ்சிதும்பாங்க. ஹால் போனா போவட்டும்."

எனக்கு அந்தப் போர்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுவரில் சாய்த்து, எழுத்து உள்பக்கம் இருக்கிற மாதிரி வைத்தேன். உடனே நெல்லிக்குப்பத்துக்குப் போன் போட்டேன்.

அரை மணி நேரத்தில் பைக் வந்து நின்றது. பின்னால் மகள், பள்ளிக்கூட யூனிபாரத்தில்.

"மாமா! என்ன வட்டிக்காரன்னு சொன்னவன் எவன்?" என்று கேட்டுக்கொண்டேதான் படி ஏறினார்.

ஆபீசர் எழுந்து நின்றார். "நான் அப்பிடி சொல்லலிங்க. கம்ப்யூட்டர்..."

"உங்க கம்ப்யூட்டர இங்க கூட்டிட்டு வா தம்பி. நான் பேசறேன்."

"சார், பணம் கட்டறீங்க, வாங்கறீங்க, கட்டறீங்க..."

"வாங்கனனா? நான் எங்கய்யா வாங்கனேன்? அதுவா வந்து உழுது! நான் தோட்டத்துல தண்ணி பாச்சிட்டு இருப்பேன். டிங்குனு வந்து உழும்!"

"எதுக்குத் திருப்பறாங்க?"

"என் பொண்ணுக்குப் புரியலையாம்."

"நான் மக்கு இல்ல" என்றாள் மகள். "நற்பெயர் மட்டும்தான் புரியல."

ஆபீசருக்கு நெற்றி சுருங்கியது. டீச்சர் எழுந்தார். அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்று, மாதக் கடைசி வாசலில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"சனிக்கிழம மறுபடி நடத்தினேன் இல்ல? இப்ப புரிஞ்சிதா?"

'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சண்டை முடிந்தது, டீச்சர் பட்டன் பக்கம் போகவேண்டாம், ஆபீசருக்கு எழுத ஏதோ கிடைக்கும். அப்பா கண்ணை உருட்டினார். ஆபீசர் சின்னதாகத் தலையாட்டிக் காட்டினார். நான் ரெண்டு பேரையும்விடப் பெரிதாக ஆட்டினேன்.

அந்தப் பெண் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இல்ல டீச்சர். இன்னும் புரியல."

டீச்சர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. என் முதல் லாரி என் பேருக்கு மாறினபோது என் முகத்தில் வந்திருக்கலாம். "அடி என் தங்கமே!" என்று அவள் கன்னத்தைத் தட்டினார். ஒரே எட்டில் மேஜைக்குப் போய் மெஷினை எடுத்தார். கம்பெனிக்காரர்கள் பணத்தை நிறுத்தியிருந்தார்கள், கார்டைச் செருகாமல் திருப்புவதையும் நிறுத்தியிருந்தார்கள், பட்டனை நிறுத்தவில்லை. அமுக்கினார், தொகையை அடித்தார். "கார்டக் குடுங்க" என்று கையை நீட்டினார். நெல்லிக்குப்பத்துக்காரர் பர்சை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மகள் அதைப் பிடுங்கி, கார்டை எடுத்துக் கொடுத்தாள். மெஷின் கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது.

ஆபீசர் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"மேடம், என் முன்னாடியேவா?"

"உங்க பின்னாடி பண்ணாதான சார் தப்பு?"

ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததில் டீச்சர் சிரிக்க, நான் சிரிக்க, நெல்லிக்குப்பத்துக்காரர் மட்டும் செல்போனைப் பார்த்து, "டிங்குன்னு வந்துடுச்சு பாரு மாமா, வந்துடுச்சு பாரு" என்று புலம்பினார்.

பிறகு ஆபீசர் தன் செல்போனை எடுத்து அந்தப் பெண்ணை நிற்க வைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்லி வீடியோ பிடித்தார். அவள் முடியைச் சரிசெய்துகொண்டு, "மத்த பாடமெல்லாம் எனக்கு நல்லா புரியும், அதையும் சேத்து எழுதிடுங்க சார்" என்றாள். டீச்சருக்கும் ஒரு பேச்சு சொன்னார்: திருப்புவது உங்கள் உரிமை, யாரும் தடுக்கவில்லை, ஒரு பிள்ளைக்கு மாதத்தில் ஒரு தடவை திருப்புங்கள், எதற்கு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நெல்லிக்குப்பத்துக்காரரிடம், வந்ததை மறுபடி கொண்டுவந்து கட்டாதீர்கள் என்றார்.

"சரி, காசா கட்டல. கரும்பா குடுக்கறேன்" என்றார் அவர். "அதத் திருப்பறதுக்கு எந்தப் பட்டன் வெச்சிருக்கீங்கன்னு பாக்கறேன்."

ஆபீசர் சென்னையோடு எவ்வளவு நேரம் போனில் மன்றாடினாரோ தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலம் மாடியில் ஒரு கூச்சல் கிளம்பியது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டுகிற சத்தத்தில் என் ஆபீசில் சுவர்க் கடிகாரம் ஆடியது. வெள்ளிக்கிழமை காலையில் என் காரை டீச்சரே ஓட்ட, சிதம்பரம் போய் அட்வான்ஸ் கொடுத்தோம். செல்போன் கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள்தான் முந்தினோம்.

அந்தப் பெண்ணுக்கு நற்பெயர் எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. பிளஸ் டூவில் பாஸ் பண்ணினாள், இப்போது சிதம்பரத்தில் பி.காம் படிக்கிறாள். இங்கே பீஸ் கட்டியவர்களுக்கெல்லாம் அந்த வருஷப் பாடத்தை முடித்துக் கொடுத்துவிட்டு டீச்சரும் சிதம்பரத்துக்கே போய்விட்டார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் புது ஹால் திறந்த நாள்தான்.

அன்று குமராட்சியிலிருந்து மினி பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஹாலிலேயே பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு இலை போட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே நெல்லிக்குப்பத்துக்காரர் எழுந்து, "மொய் எழுதறேன்" என்று கார்டை எடுத்தார். டீச்சர் எவ்வளவோ மறுத்தும் மெஷினில் போட்டுவிட்டார். அவரைப் பார்த்து ஆபீசரும் தன் கார்டை எடுத்தார். ஆமாம், அவரும் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்தார். நானும் போட்டேன். எல்லாரையும்விட ஜாஸ்தி.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டீச்சர் இலை இலையாக வந்து கேட்டார். "சாப்பாடு நல்லா இருக்குதா?"

குமராட்சிப் பெரியவர் ஒருவர், டீச்சருக்கு மாமா முறை. வெள்ளை மனசு. அவருக்கு ஒன்றும் தெரியாது. விரலை நக்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் நல்லா இருக்குது. சாம்பார்ல மட்டும் உப்பு கொஞ்சம் கம்மி."

டீச்சர் நின்றார். மேஜைமேல் இருந்த மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நொடி நெல்லிக்குப்பத்துக்காரர் எச்சில் கையோடு எழுந்து ஓடி, மெஷினை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். ஆபீசர் இலையிலிருந்தே கத்தினார்: "மேடம், உப்பு கரெக்டா இருக்குது மேடம்!" பந்தி முழுக்க ஆளாளுக்கு, "உப்பு சரியா இருக்குது டீச்சர்", "ஜாஸ்தியாவே இருக்குது டீச்சர்" என்று குரல் எழுந்தது. பெரியவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் பார்த்துவிட்டு, நேராக என் இலைக்கு வந்தார்.

"ஓனரே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. சாம்பார் எப்பிடி?"

உப்பு கம்மிதான். என் நாக்கை யாரும் ஏமாற்ற முடியாது. நான் சாதத்தில் குழி பண்ணிக்கொண்டு சொன்னேன்:

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தச் சொல்லுங்க டீச்சர்."